வாயைத் திறக்காத ஸ்கேனர்

“மூக்கைப் பொத்திக்கிட்டு உள்ள ஏறு” என்றாள் அக்கா.

“மூக்கைப் பொத்திக்கிட்டா மூச்சு எப்படிக்கா விடறது?”

“வாயால விடு. அது எப்பவும் திறந்துதானே கிடக்கு.”

ஏறினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காருக்குள் ஒரு தெருநாயைக் கொண்டுபோய் விட்டிருந்தால் அதுகூட ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியிருக்கும். கண்ணாடியில் ஒரு ரோஜா சென்ட் புட்டி தொங்கியது. பின்சீட்டில் ஒரு துண்டை விரித்திருந்தார்கள். துண்டுக்கு அடியிலிருந்து வந்த புளித்த வாடையும் மேலே தொங்கிய ரோஜாவும் கலந்து முகத்தில் அடித்தன. துண்டின் நுனியைத் தூக்கிப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

“வாந்திக்கா. காஞ்சு போய்க் கிடக்கு. துடைக்கக்கூட இல்ல, மேல துணியைப் போட்டு மூடிட்டாங்க. சீ! எந்த ஜென்மம்க்கா இது?”

ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றிருந்த டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எங்கப்பா எடுத்ததுங்க” என்றாள்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு கன்னத்தில் ஒரு அறை வாங்குவதே மேல்.

அக்கா என் கூடப்பிறந்தவள் அல்ல. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களை மோப்பம் பிடிக்கும் வேலையில் இருந்தாள். மேனேஜரின் பொய்யையே ஒரு நாள் பிடித்துவிட்டதால் வேலை போனது. அதற்கப்புறம் சொந்தமாகத் துப்பறிகிறாள். நான் அவளுக்கு டிரைவர், எடுபிடி, இலவச வாயாடி.

டீச்சர் முந்தாநாள் எங்களைத் தேடி வந்தாள். பள்ளிக்கூட வேலையாக வெளியூர் போயிருந்த அன்று வீட்டில் அவள் அப்பா பக்கவாதம் வந்து சரிந்துவிட்டார். அப்போது கூட இருந்தது அவள் புருஷன் ஒருத்தன்தான். பழைய கார்களை வாங்கி விற்றுக் கொடுக்கும் புரோக்கர். மாமனாரின் பழைய காரிலேயே அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். வழியில் வண்டி நின்றுவிட்டது, ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிர் வரவே இல்லை என்று அவன் சொன்னான். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் எழுந்து நடந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். இப்போது பெரியவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் இல்லை.

“இன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பறாங்க மேடம்” என்று டீச்சர் மறுபடி சொன்னாள். “நாளையிலேர்ந்து நான் ஸ்கூலுக்குப் போயிட்டா பகல் முழுக்க அப்பாவைப் பார்த்துக்கப்போறது எங்க வீட்டுக்காரர்தான். அவர் ரூமுக்குள்ள வந்தாலே அப்பா கண்ணு ரெண்டும் பெரிசாகுது. தன் பேர்ல இருக்கற வீட்டை விக்கக் கூடாதுன்னு அப்பா பிடிவாதமா நின்னவரு. இவருக்கு அதுல தீராத கோபம். வண்டி நிஜமாவே நின்னிருந்தா, புருஷனைச் சந்தேகப்பட்ட பாவி நான். நிக்கலைன்னா... எங்கப்பாவைக் கொண்டுபோய் எப்படி மேடம் அந்தக் கையில குடுப்பேன்?”

“அதைத்தான் வண்டிகிட்ட கேட்டுடலாம்னு சொன்னேன்” என்றாள் அக்கா.

வண்டியில் ஏதாவது கோளாறு என்றால் எஞ்சினை நடத்தும் சின்னக் கம்ப்யூட்டர் அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளக்கில் ஸ்கேனரைச் சொருகினால் என்ன கோளாறு என்று அது ஒப்பித்துவிடும். மறுபடி வழியில் நிற்காமல் இருக்க வண்டியை ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாம் என்று முந்தாநாள் இரவே டீச்சர் புருஷனிடம் சொல்லியிருந்தாள். அவன் மறுப்பே சொல்லவில்லை. இன்று காலை தானே வண்டியை ஓட்டிவந்து விட்டுவிட்டு, “நல்லாப் பாருங்க, எனக்கும் தெரியணும்ல” என்று சிரித்துவிட்டுப் போயிருந்தான்.

ஸ்கேனர் என்னடாவென்றால் கண்ணையே திறக்கவில்லை.

“நான் காலையிலேர்ந்து மல்லுக்கட்டறேன்” என்றார் மெக்கானிக், தொப்பையைத் தடவிக்கொண்டே. “பழைய வண்டிங்க. இதுல ஸ்கேனர் எடுக்காது. அவரே சொன்னாரு.”

“எவரு?”

“வண்டியைக் கொண்டுவந்தாரே, இவங்க வீட்டுக்காரரு. ‘வெச்சுப் பாருங்க, ஆனா எடுக்காது’ன்னாரு.”

அக்காவின் ஒரு புருவம் மேலே போனது. “சாவியைத் திருப்பி வெச்சிருக்கீங்களா?”

“அது தெரியாமயா மேடம் தொழில் பண்றேன்? சாவி போட்டாச்சு, பிளக்கைத் துடைச்சாச்சு.”

“டேய், ஸ்கேனரை எடுத்துட்டுப் போய் நம்ம வண்டியில சொருகு.”

சொருகினேன். உடனே பளிச்சென்று விழித்துக்கொண்டு என் காரின் குறைகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கிவிட்டது. திரை நிறைந்து, அடுத்த திரைக்கும் போனது.

“போதும்பா, மானத்தை வாங்காதே” என்று பிடுங்கிக்கொண்டு வந்தேன். “ஸ்கேனர் நல்லாத்தான் இருக்குக்கா. என் வண்டிதான் சாகக் கிடக்குது.”

“அது தெரிஞ்ச விஷயம்.” அக்கா பழைய காரின் கதவில் சாய்ந்துகொண்டாள். “பாஷை தெரியாத ஊருக்கு ஒருத்தன் போறான்னு வை. என்ன பண்ணுவான்?”

“பேந்தப் பேந்த முழிப்பான்.”

“முழிப்பான்ல? வண்டி பழசு, பாஷை புரியலைன்னா இந்த ஸ்கேனரும் லைட்டைப் போட்டுட்டு முழிச்சிருக்கணும். இது கண்ணே திறக்கலியே. இது பாஷைப் பிரச்சினை இல்ல. இதுக்குச் சோறே போகல.” மெக்கானிக் பக்கம் திரும்பினாள். “இந்தப் பிளக்குக்குக் கரண்ட் எங்கேர்ந்து வருது?”

மெக்கானிக் நெற்றியைச் சொறிந்தார். “இந்த மாடல்ல... அட ஆமா! சிகரெட் லைட்டருக்குப் போற அதே ஃபியூஸ்தாங்க.”

ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஒரு ஃபியூஸை உருவினார். உள்ளே கம்பி கருகிப் போயிருந்தது. காலையிலிருந்து மல்லுக்கட்டிய மனிதர் அதைப் பார்த்து அசடு வழிந்தார். புதிய ஃபியூஸை எடுத்துக் கொடுத்தார். சொருகியதும் ‘டப்’ என்று ஒரு சத்தம். அதுவும் போனது.

எனக்கு வெறுத்துவிட்டது. அக்கா முகத்தில்தான் அன்றைய முதல் சிரிப்பு.

“பேட்டரியைக் கழட்டிட்டுப் பார்த்துடவா?” என்று மெக்கானிக் ஸ்பேனரைத் தூக்கினார்.

“தொடாதீங்க! அதைக் கழட்டினா வண்டியோட ஞாபகமெல்லாம் போயிடும். ஃபியூஸ்தான் எரிஞ்சு கிடக்கே, லைட்டருக்குக் கரண்ட் வராது. டேய், அந்த லைட்டர் ஓட்டைக்குள்ள கையை விடு.”

“நானா?”

“பின்ன, நான் மோதிரம் போட்டிருக்கேன்ல?”

அந்த ஓட்டைக்குள் என்ன இல்லை என்று கேளுங்கள். என்றைக்கோ பிடித்த சிகரெட்டின் சாம்பல். யாரோ கொட்டிய குளிர்பானம் பிசுபிசுவென்று பிடித்து, அதில் ஒட்டிக்கொண்ட மயிர். நகம் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது; அது நகமாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். விரல் எட்டவில்லை. மெக்கானிக்கிடம் மெல்லிய குறடு ஒன்றை வாங்கி விட்டுத் துழாவினேன். கணீரென்று ஏதோ தட்டியது. கவ்வி இழுத்தேன்.

ஒரு காசு.

விளிம்பில் ஒரு பக்கம் கருகியிருந்தது. மீதியெல்லாம் பளபளப்பு. அந்த அழுக்குக் குழிக்குள் பல காலம் ஊறிய காசு மாதிரியே தெரியவில்லை. மெக்கானிக் அதைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு டீச்சரைப் பார்த்துவிட்டு எச்சிலை விழுங்கிக்கொண்டார். அக்கா காசை வாங்கித் துடைத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். நான் சோப்புக்கு ஓடினேன்.

கையைக் கழுவிவிட்டு வந்தபோது மூன்றாவது ஃபியூஸ் உயிரோடு இருந்தது. ஸ்கேனரின் திரையில் வெளிச்சம். ‘காத்திருக்கவும்’ என்று அது ஏதோ படித்துக்கொண்டிருந்தது.

“வண்டி ரெடியா?” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

புரோக்கர் வந்துவிட்டான். தேய்த்த சட்டை, பளபளக்கும் ஷூ, தலைக்கு எண்ணெய், வாய்க்குச் சர்க்கரை. ஒர்க்‌ஷாப் தரையில் கிடந்த கிரீஸ் ஷூவில் பட்டுவிடாமல் தாண்டித் தாண்டி வந்தான். “மாமாவைக் கூட்டிட்டு வரணும்ல. நேரமாச்சும்மா” என்று டீச்சரிடம் சொன்னவன், ஸ்கேனர் எரிவதைப் பார்த்துவிட்டான். ஒரு நொடி அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு மறுபடி வந்தது.

“அட, எடுத்துடுச்சா?”

“எடுத்துடுச்சு” என்றாள் அக்கா.

நாங்கள் ஐந்து பேரும் அந்தச் சின்னத் திரையைச் சுற்றிக் குனிந்தோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாற்றத்துக்காக அல்ல.

‘கோளாறு எதுவும் இல்லை.’

“பார்த்தீங்களா! கோளாறே இல்ல!” என்று நான் கத்திவிட்டேன். “அப்புறம் எப்படி வண்டி நின்னுச்சு?”

புரோக்கர் கொஞ்சமும் அசரவில்லை. எதற்கோ பயந்துகொண்டிருந்தவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல் இருந்தான். “தம்பி, பழைய வண்டி சொல்லிட்டா நிக்கும்? பெட்ரோல் பம்ப்பு திடீர்னு மக்கர் பண்ணும், அப்புறம் தானா ஓடும். அதெல்லாம் இதுல பதியாது. கேளுங்க அவரை.”

மெக்கானிக் தர்மசங்கடத்தோடு தலையாட்டினார். “அது வாஸ்தவந்தாங்க. கோளாறு பதியாமலே நிக்கறது உண்டு.”

அவ்வளவுதான். காலையிலிருந்து அந்தக் குப்பைத் தொட்டிக்குள் நான் பட்ட பாடெல்லாம் வீண். டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னை மன்னிச்சிடுங்க. நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்.”

“விடும்மா. அப்பா மேல இருக்கற பாசத்துல ஏதோ நினைச்சுட்டே. நான் மனசுல வெச்சுக்குவேனா?” என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். பின்கதவைத் திறந்து துண்டை உதறாமலே இழுத்து நேராக்கினான். “மாமாவை இங்கயே படுக்க வெச்சுக் கூட்டிட்டு வந்துடறேன்.”

அந்தச் சீட்டிலேயா! எனக்கு வாயில் வந்த வார்த்தையை அச்சில் போட முடியாது.

“அன்னிக்கு ஒத்தை ஆளா ரொம்பத் திண்டாடியிருப்பீங்க, பாவம்” என்றாள் அக்கா. இந்தக் குரலில் அவள் பேசினால் நான் எப்போதும் இரண்டு அடி தள்ளி நின்றுகொள்வேன். “ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தோணலியா?”

“தோணாம இருக்குமா மேடம்? போன்ல சுத்தமா சார்ஜ் இல்ல. செத்துப் போச்சு. என் கெட்ட நேரம்.”

“அடடா.”

“அப்புறம் வண்டியிலயே சார்ஜரைச் சொருகி, அதுக்கு உயிர் வந்தப்புறம் அடிச்சேன். லைன் கிடைக்கல. கிடைக்கறதுக்குள்ள வண்டியே ஸ்டார்ட் ஆயிடுச்சு.”

“என்கிட்டயும் அன்னிக்கே இதைத்தான் சொன்னாரு மேடம்” என்றாள் டீச்சர், அவனுக்குப் பரிந்துகொண்டு.

“வண்டியில எங்க சொருகினீங்க?”

“எங்கன்னா... சிகரெட் லைட்டர் ஓட்டையிலதான். வேற எங்க?”

“இந்த வண்டியில வேற இடம் இருக்கா?” என்று அக்கா மெக்கானிக்கைக் கேட்டாள்.

“பழைய வண்டிங்களே. அது ஒண்ணுதான்.”

அக்கா கையை விரித்தாள். உள்ளங்கையில் காசு.

“இது அதுக்குள்ள கிடந்துச்சு. இது உள்ள இருந்தா ஷார்ட் ஆகி ஃபியூஸ் போயிடும், சார்ஜரும் வேலை செய்யாது, ஸ்கேனரும் வேலை செய்யாது. இது எப்ப விழுந்திருக்கும்னு நினைக்கறீங்க?”

புரோக்கர் கெட்டிக்காரன். கணக்கு போட்டது முகத்திலேயே தெரிந்தது. பிறகு சிரித்தான். “இதுவா? மாமா கையில காசு எங்க நின்னுச்சு? சீட்டுக்கு அடியில, சந்துல பொந்துல எல்லாம் போட்டு வெப்பாரு. இது ரொம்ப நாளா உள்ள கிடந்திருக்கும்.”

“ரொம்ப நாளா?”

“மாசக்கணக்கா!”

“அப்போ அன்னிக்கு உங்க போனுக்கு உயிர் எப்படி வந்துச்சு?”

புரோக்கர் முகத்துக்கு நேராக வந்த ஒரு ஈயை விரட்டினான். அந்தக் காரைச் சுற்றி ஈக்கு என்ன பஞ்சம்.

“அது... அன்னிக்கு வேலை செஞ்சுச்சு. அப்போ அதுக்கப்புறம் விழுந்திருக்கும்.”

“அதுக்கப்புறம் உங்க மாமா ஆஸ்பத்திரிக் கட்டில்ல. சாவி உங்க பாக்கெட்ல. யாரு போட்டது?”

டீச்சர் பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள்.

மெக்கானிக் அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார். “மேடம், இது புரோக்கருங்க வேலைங்க. வாங்க வர்றவன் ஸ்கேனரோட வந்தா, முந்தியே ஒரு காசைப் போட்டு ஃபியூஸை எரிச்சு விட்டுடுவாங்க. பழைய வண்டி, எடுக்காதுன்னு சொல்லிடுவாங்க. ஃபியூஸைப் புடுங்கி வெச்சா திறந்ததும் தெரிஞ்சிடும். காசு போட்டா எவனும் கண்டுபிடிக்க மாட்டான்.”

“ஆமாய்யா, போட்டேன்!” புரோக்கரின் சர்க்கரை தீர்ந்துவிட்டது. “தொழில்ல எல்லாரும் பண்றதுதானே? மாமாவுக்கு இனிமே வண்டி எதுக்கு? வித்துடலாம்னு பார்த்தேன். அதுக்காகப் போட்டேன்.”

“எப்போ?”

“நேத்து.”

“வண்டியை ஸ்கேன் பண்ணலாம்னு உங்க சம்சாரம் சொன்னது முந்தாநாள்.” அக்கா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க பாட்டுக்குச் சும்மா இருந்திருந்தா, காலையில வந்ததுமே ஸ்கேனர் ‘கோளாறு இல்ல’ன்னு சொல்லியிருக்கும். அதை வெச்சு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. இவங்க உங்க கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டு, அப்பாவை உங்க கையில ஒப்படைச்சிருப்பாங்க. அந்த மெஷினு எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சிடும்னு பயந்துட்டீங்க. ஊரை ஏமாத்தற புத்தி வீட்டுக்குள்ளயும் வந்துடுச்சு.”

புரோக்கர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். நான் போய் அங்கே நின்றுகொண்டேன். வீரத்தில் ஒன்றும் குறைச்சல் இல்லை எனக்கு. மெக்கானிக்கும் ஸ்பேனரோடு பக்கத்தில் வந்து நின்றார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் அழவில்லை. வகுப்பில் ஒரு பையனிடம் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

“வண்டி நின்னுச்சா, நிறுத்தினீங்களா?”

“நின்னுச்சு... இந்தா, நான் சொல்றதைக் கேளு...”

“அப்பா பின்னாடி வாந்தி எடுத்தாரே, அப்போ கூப்பிட்டிருப்பாரே. பேச்சு இருந்திருக்கும்ல அப்போ?”

“என்னவோ குளறிக்கிட்டிருந்தாரு. எனக்கு எங்க புரிஞ்சுது?”

“பக்கத்துல உக்காந்து தலையைப் பிடிச்சுக்கிட்டீங்களா?”

“அந்த நாத்தத்துல எவன் உள்ள உக்காருவான்?” என்று வெடித்துவிட்டான். “நான் கண்ணாடியை எல்லாம் ஏத்தி விட்டுட்டு வெளிய நின்னேன், அவரு அடங்கற வரைக்கும்...”

சொல்லிவிட்டான். சொன்னது என்ன என்று அவனுக்கே அப்புறம்தான் புரிந்தது.

நான் இந்தத் தொழிலில் எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்தாயிற்று. ஆத்திரம் வரும், சில பேரைப் பார்த்தால் சிரிப்புகூட வரும். இவனைப் பார்த்தபோது வந்தது வெறும் அருவருப்பு. ஒரு கிழவன் கண்ணாடி ஏற்றிய காருக்குள் கிடந்து குளறுகிறான், பெண்ணைக் கொடுத்த மாப்பிள்ளை வெளியே நின்று காற்று வாங்குகிறான். ஷூவில் கிரீஸ் படாமல் தாண்டித் தாண்டி வந்தானே, அந்த மனிதன்! தூ! இவன் கையால்தான் அந்தக் கிழவர் நாளையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடிக்க இருந்தார்.

“சாவியை இந்த மேஜை மேல வெச்சிடுங்க” என்றாள் அக்கா. “போலீஸைக் கூப்பிடறேன். அவங்க வர்ற வரைக்கும் வண்டியும் இங்கதான் நிக்கும், நீங்களும் இங்கதான் நிப்பீங்க. இப்ப சொன்னதை மூணு பேர் கேட்டிருக்கோம்.”

“நாலு பேர்” என்றாள் டீச்சர்.

அவள் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ். ஒர்க்‌ஷாப்பின் அமைதியில் எதிர்முனைப் பேச்சு எங்களுக்கும் கேட்டது. டிஸ்சார்ஜ் வேலையெல்லாம் முடிந்துவிட்டது, பெரியவரைக் கூட்டிக்கொண்டு போகலாம், யார் வருகிறீர்கள் என்று கேட்டாள்.

“நான்தான் வரேன். வேற யார் வந்து கேட்டாலும் அப்பாவை அனுப்பக் கூடாது” என்றாள் டீச்சர்.

“சரிங்கம்மா. உங்க வீட்டுக்காரர் வந்தா அனுப்பலாம்தானே?”

டீச்சர் திரும்பி ஒரு தரம் அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். தலை, சட்டை, ஷூ.

“எங்க வீட்ல அப்படி யாரும் இல்லீங்க” என்றாள்.

போனைப் பைக்குள் போட்டாள். நேராக என் காருக்குப் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள்.

“சீக்கிரம் வாங்க. அப்பா தனியா இருக்காரு.”